பெறுபவரும் கொடுப்பவராக: கிறிஸ்துமஸ் ஈகை பற்றி ஓர் ஆய்வு

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி முதல் நாள். வட ஆப்பிரிக்காவில் ஆயர் அகுஸ்தீன் மக்களுக்கு மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கிறார். வெளியே ரோமானியப் புத்தாண்டு களைகட்டியிருக்கிறது. தேன், அத்திப்பழம், விளக்கு, நாணயம் என்று அன்பளிப்புகள் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருக்கின்றன. வந்ததற்கு ஈடாக ஒன்றைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். பெரிய இடத்துக்கு அனுப்பிவைத்தால் பின்னால் ஒரு காரியம் ஆகும். கிறிஸ்தவர்களும் இந்த வழக்கத்தில் கலந்துகொண்டார்கள். அகுஸ்தீன் அவர்களுக்குச் சொன்னதன் சாரம் இதுதான்: மற்றவர்கள் தங்களுக்குள் அன்பளிப்பு மாற்றிக்கொள்ளட்டும், நீங்கள் ஏழைகளுக்குக் கொடுங்கள்.

பண்டிகைப் பரிசை அன்று சந்தேகத்தோடு பார்த்த திருச்சபை, பின்னாளில் உலகிலேயே மிகப் பெரிய பரிசுப் பண்டிகைக்குச் சொந்தக்காரரானது. இந்த மாற்றத்தை வணிகத்தின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் கிறிஸ்தவ ஈகையின் வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் அகுஸ்தீன் எழுப்பிய கேள்வி எந்த நூற்றாண்டிலும் ஓயவில்லை என்பது தெரியும். பரிசு யாரிடம் போகிறது? எதற்காகப் போகிறது? போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறது? இந்தக் கட்டுரையின் வாதம் இரண்டு அடிகளில் நகர்கிறது. கிறிஸ்துமஸ் பரிசு ஒரு நன்றிக்கடன். கொடுத்தவருக்கே அதைத் திருப்பித் தர வழியில்லாததால் அடுத்த மனிதரிடம் செலுத்தப்படுகிறது. அந்தக் கடன் உண்மையான தொண்டாக வேண்டுமானால், பெறுபவரும் ஒரு நாள் கொடுப்பவராக இடம் இருக்க வேண்டும்.

ஞானிகளின் பெட்டகமும் மாட்டுத் தொழுவத்துக்கு வெளியே உள்ளவர்களும்

கிறிஸ்துமஸ் பரிசுக்கு மூலம் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் கீழ்த்திசை ஞானிகளைச் சொல்வார்கள். மத்தேயு நற்செய்தி அவர்கள் எத்தனை பேர் என்று குறிப்பிடவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் மூவர் என்ற மரபு பிறகு உருவானது. அந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது வேறு. அவர்கள் வேற்று நாட்டார். குழந்தை இருந்த வீட்டுக்கு வந்து, பணிந்து, பெட்டகங்களைத் திறந்து கொடுத்துவிட்டு, வேறு வழியாக ஊர் திரும்பினார்கள். பதிலுக்கு எதுவும் பெற்றதாகச் செய்தி இல்லை. அரசன் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்தால் நாளை ஏதாவது கிடைக்கும். அன்று அவர்கள் கண்ட குடும்பமோ அடுத்த சில நாளில் ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடவிருந்த குடும்பம்.

ஞானிகளுக்குக் குழந்தை நேரில் கிடைத்தது. பின்னால் வந்த தலைமுறைகள் தங்கள் காணிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதே மத்தேயு தன் 25ஆம் அதிகாரத்தில் இதற்கு விடை தருகிறார். பசித்தவர், தாகமாயிருந்தவர், அந்நியர், ஆடையில்லாதவர், நோயாளி, சிறைப்பட்டவர் ஆகிய இவர்களில் கடைசி மனிதருக்குச் செய்தது தனக்கே செய்தது என்று இறுதித் தீர்ப்பின் அரசர் அங்கே அறிவிக்கிறார். கிறிஸ்தவ ஈகையின் இயங்குமுறை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. கிறிஸ்துவுக்குச் செலுத்த வேண்டிய நன்றியைப் பெற்றுக்கொள்ளும் முகவரி ஏழையின் வீட்டு வாசல்.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் பேசிய யோவான் கிறிசோஸ்தோம் இதை மிகக் கடுமையாக எடுத்துச் சொன்னார். ஆலயத்துக்குள் கிறிஸ்துவின் பீடத்தைப் பட்டால் போர்த்துகிறீர்கள், வெளியே குளிரில் ஆடையின்றி நடுங்கும் கிறிஸ்துவைக் கண்டுகொள்ளாமல் போகிறீர்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. குடிலுக்கு வண்ண விளக்கு கட்டும் எந்த ஊர்ச் சபைக்கும் இந்தக் கேள்வி இன்றும் பொருந்தும். விளக்கு கட்டுவது தவறில்லை. விளக்கோடு காணிக்கை நின்றுவிட்டால்தான் தவறு.

எருசலேமுக்குப் போன பணம்

நன்றியும் தொண்டும் ஒன்றாக இணைந்த முதல் பெரிய ஏற்பாட்டை கி.பி. 50களில் பவுல் நடத்திய நிதி திரட்டலில் காண்கிறோம். எருசலேமில் இருந்த யூதக் கிறிஸ்தவர்கள் வறுமையில் வாடினார்கள். மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த யூதரல்லாத சபைகளிடம் பவுல் உதவி கேட்டார். கொரிந்து சபைக்கு அவர் தந்த அறிவுரை நடைமுறை சார்ந்தது: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தமது வரவுக்கேற்ப ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், தாம் வந்தபிறகு அவசர வசூல் நடக்கக்கூடாது. பணத்தை எடுத்துச் செல்லும்போது சபைகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கூடவே போனார்கள். யாரும் விரல் நீட்டிக் குறை சொல்ல இடம் தரக்கூடாது என்பதில் பவுல் கறாராக இருந்தார். காணிக்கைக் கணக்கைப் பற்றி நம் சபைகளில் இன்று நடக்கும் எத்தனையோ சண்டைகளை அந்த ஒரு ஏற்பாடு தவிர்த்திருக்கும்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 8, 9ஆம் அதிகாரங்கள் இந்த நிதி பற்றியவை. கிறிஸ்துமஸ் பரிசின் இறையியலைத் தேடுகிறவர்கள் ஞானிகளிடம் நிற்காமல் இங்கே வர வேண்டும். செல்வராயிருந்த கிறிஸ்து மனிதருக்காக ஏழையானார் என்று பவுல் நினைவூட்டுகிறார். பெத்லகேம் பிறப்பின் பொருளே அதுதான். அந்தக் கொடையைப் பெற்றவர்கள் கொடுக்காமல் இருக்க முடியாது என்பது அடுத்த படி. இந்தத் தொண்டு ஏழைகளின் குறையைப் போக்குவதோடு நிற்காமல் கடவுளுக்குப் பலருடைய நன்றியாகப் பெருகும் என்பது முடிவு. நன்றியில் தொடங்கிய கொடை இன்னொருவர் வாயில் நன்றியாகவே போய் முடிகிறது.

இதில் இரண்டு செய்திகள் என்னை மீண்டும் மீண்டும் நிறுத்துகின்றன. முதலாவது, அதிகம் கொடுத்ததாகப் பவுல் பாராட்டுவது மக்கெதோனியரை. அவர்களே கொடிய வறுமையில் இருந்தவர்கள். எங்களுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று வருந்திக் கேட்டுக் கொடுத்தார்கள். ஏழைகள் பெறுவதற்கு மட்டுமே உள்ளவர்கள் என்ற எண்ணத்துக்கு அன்றே விழுந்த அடி இது. இரண்டாவது, பவுல் தானத்தைப் பேசாமல் சமநிலையைப் பேசுகிறார். இப்போது உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பட்டும். பிறகு அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிரப்பும் என்கிறார். ரோமருக்கு எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போகிறார்: எருசலேமின் ஆன்மிகச் செல்வத்தில் பங்கு பெற்ற இந்தச் சபைகள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன. எனவே பணம் அனுப்பிய கொரிந்து வணிகர் புரவலர் அல்லர். பெற்றுக்கொண்ட எருசலேம் விதவை இரவலரும் அல்லர். இருவரும் முன்பே பெற்றவர்கள்.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் வெளியான தம் ஆய்வில், இனாமாகத் தெரியும் எந்தப் பரிசும் கொடுக்கவும் பெறவும் திருப்பித் தரவும் கடமையைச் சுமத்துகிறது என்று காட்டினார். திருப்பித் தர முடியாதவர் கொடுத்தவருக்குக் கீழே போகிறார். விவிலிய அறிஞர் ஜான் பார்க்லே 2015இல் எழுதிய பெருநூல் பவுலை இந்தப் பின்னணியில் வாசிக்கிறது. பழைய உலகில் பரிசைத் தகுதி பார்த்துக் கொடுப்பதுதான் அறிவுடைமை. கடவுள் தகுதி பாராமல் கொடுத்தார் என்பதே பவுலின் புதுமை. ஆனால் அந்தக் கொடை பதிலே எதிர்பாராதது என்று பவுல் சொல்லவில்லை. பதில் வேண்டும், அந்தப் பதில் தகுதி பாராமல் பிறருக்குக் கொடுக்கும் வாழ்க்கையாக வர வேண்டும். லூக்கா நற்செய்தியில் இயேசு விருந்துக்கு யாரை அழைக்கச் சொல்கிறார் என்பதும் இதே தடத்தில் உள்ளது: நண்பரையும் பணக்கார அயலாரையும் அழைத்தால் அவர்கள் உங்களைத் திருப்பி அழைத்துவிடுவார்கள், அதனால் திருப்பி அழைக்க முடியாதவர்களை அழையுங்கள்.

இரவில் விழுந்த பொற்கிழி

இன்று கடை வாசலில் மணி ஆட்டும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் முன்னோடி மீரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ். அந்த ஊர் இன்று துருக்கியில் தெம்ரே என்று அழைக்கப்படுகிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அவரைப் பற்றிய வரலாற்றுச் சான்றுகள் குறைவு. நமக்குக் கிடைத்துள்ள முழு வாழ்க்கை வரலாறு 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ஆனாலும் ஒரு சமூகம் எந்தக் கதையைக் காத்து வைத்திருக்கிறது என்பதே ஒரு சான்று.

கதை இதுதான். நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. பெண்களை விபச்சாரத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியாத நிலை. நிக்கோலாஸ் இரவில் வந்து ஜன்னல் வழியே பொற்கிழி ஒன்றை எறிந்துவிட்டுப் போகிறார். மூத்தவளுக்குத் திருமணம் ஆகிறது. மறுபடி ஒரு கிழி; இரண்டாமவளுக்கும் ஆகிறது. மூன்றாம் முறை தகப்பன் தூங்காமல் விழித்திருந்து, ஓடிப்போய்ப் பிடித்துக் காலில் விழுகிறார். தான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நிக்கோலாஸ் வாக்குறுதி வாங்குகிறார்.

சீதனம் கொடுக்க முடியாமல் தவிக்கும் தகப்பனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் கதையில் இரவும் ஜன்னலும் வெறும் அலங்காரம் அல்ல. கொடுத்தவர் முகம் தெரிந்தால் அந்தக் குடும்பம் ஊரில் தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கும். முகம் மறைந்ததால் அவர்கள் மானம் பிழைத்தது. கிழியில் இருந்த பொன் வறுமையைத் தீர்த்தது. அவர் மறைத்த பெயர் அவமானத்தைத் தீர்த்தது. நிக்கோலாஸின் திருநாள் டிசம்பர் 6. அவர் நினைவாக அந்நாளில் குழந்தைகளுக்குப் பரிசு தரும் வழக்கம் ஐரோப்பாவில் பரவி, பல நாடுகளில் பின்பு கிறிஸ்துமஸோடு இணைந்தது. பரிசு மிஞ்சியது. மறைவு தொலைந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, புனித ஸ்தேவான் நினைவுநாள் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. எருசலேம் சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனதாகப் புகார் எழுந்தபோது, அதைச் சரிசெய்ய நியமிக்கப்பட்ட எழுவரில் ஸ்தேவான் ஒருவர். பந்தியில் யாரும் விடுபடக்கூடாது என்பதற்காக நியமனம் பெற்றவரை, பிறப்புப் பெருநாளுக்கு அடுத்த நாளிலேயே திருச்சபை நினைவுகூர்கிறது.

வீட்டுக்குள் திரும்பிய பரிசு

நவீன கிறிஸ்துமஸ் பரிசு எப்படி உருவானது என்பதை அமெரிக்க வரலாற்றாளர் ஸ்டீபன் நிசன்பாம் 1996இல் வெளியிட்ட நூல் ஆராய்கிறது. பழைய இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் கிறிஸ்துமஸ் தெருவில் நடந்தது. கூலிகளும் ஏழைகளும் கூட்டமாகப் பாடிக்கொண்டு வசதி படைத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்; அன்றைக்கு மட்டும் சாப்பாடும் குடியும் அவர்களுக்கு உரிமை. ஆட்டமும் குடியும் எல்லை மீறியதும் உண்டு. தூய்மைவாதிகள் ஆண்ட மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே சட்டப்படி தடை. மீறினால் 5 ஷில்லிங் அபராதம். 19ஆம் நூற்றாண்டில், முக்கியமாக நியூயார்க்கில், இந்தத் தெருப் பண்டிகை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டது. ஏழைக்குப் போன பரிசு வீட்டுப் பிள்ளைக்குப் போகத் தொடங்கியது. கதவு மூடிக்கொண்டது. கடைகள் திறந்துகொண்டன.

பிள்ளைகளுக்குப் பரிசு தருவதில் குற்றம் காண நான் வரவில்லை. புதுத்துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கும் குழந்தையின் மகிழ்ச்சியும் பெத்லகேமுக்கு உரியதுதான். ஆனால் பரிசு வீட்டுச் சுவருக்குள்ளேயே சுற்றும்போது அது அகுஸ்தீன் கண்ட ரோமானிய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையை மனம் மாறிய கஞ்சனின் கதையாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கஞ்சன் ஸ்க்ரூஜ், மனம் திருந்திய காலையில் தன் எழுத்தரின் வீட்டுக்கு ஒரு பெரிய வான்கோழியை, அனுப்பியது யார் என்று தெரியாதபடி அனுப்புகிறான். நிக்கோலாஸின் பொற்கிழி லண்டனில் மீண்டும் விழுகிறது. மறுநாள் அந்த எழுத்தருக்குச் சம்பளத்தை உயர்த்துகிறான். இரண்டாவது செயல் இல்லாவிட்டால் முதலாவது பாதி நியாயமே. ஆண்டு முழுவதும் குறைந்த கூலி கொடுத்துவிட்டு டிசம்பரில் கேக் கொடுப்பவர் பரிசு கொடுக்கவில்லை. பாக்கியில் சிறு பகுதியைத் தீர்க்கிறார்.

பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் பரிசின் விலைக்கும், பெற்றவர் மனத்தில் அதற்குள்ள மதிப்புக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று அவர் கணித்தார். அந்த ஆய்வில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. பெறுபவரை நெருங்கி அறிந்த நண்பர் கொடுத்த பரிசில் இழப்பு குறைவு. தொலைவில் இருக்கும் உறவினர் கொடுத்ததில் அதிகம். கொடுப்பவர் பெறுபவரை அறிந்திருக்கிறாரா என்பது அன்புக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் முக்கியம்.

சீனாவிலிருந்து ஒரு கடிதம்

மூடிய கதவை மீண்டும் திறக்க முயன்றவர்களில் லாட்டி மூன் ஒருவர். 1840இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்து, 1873இல் சீனாவுக்குப் போன பாப்டிஸ்ட் ஊழியர். பிங்து என்ற உள்நாட்டு ஊரில் தனியாகக் குடியேறியபோது அந்நியப் பெண்ணைக் கண்டு அவ்வூரார் அஞ்சினார்கள். அவர் வீட்டில் இனிப்பு பிஸ்கட் சுட்டார். வாசனைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் வந்தார்கள். பழக்கம் அப்படித் தொடங்கியது.

வேலை பெருகியது, கைகொடுக்க ஆள் இல்லை. 1887இல் அவர் தாயகத்துக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தைச் செபத்துக்கும் காணிக்கைக்கும் ஒதுக்கும்படி பெண்களைக் கேட்டார். உலகுக்குக் கிடைத்த பெரும்பரிசின் நினைவாகத்தான் உறவினரும் நண்பரும் இந்த நாள்களில் பரிசு பரிமாறிக்கொள்கிறார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து வைக்க இதைவிடப் பொருத்தமான காலம் எது என்பது அவர் வாதம். 1888இல் தென் மாநில பாப்டிஸ்ட் பெண்கள் முதல் முறையாக அந்தக் காணிக்கையைத் திரட்டினார்கள். இலக்கு 2,000 டாலர். சேர்ந்தது 3,300 டாலருக்கும் சற்று அதிகம். உதவிக்கு மூன்று பெண்களை அனுப்ப அது போதுமாயிருந்தது. சீனாவில் பஞ்சம் வந்தபோது மூன் தம்மிடம் இருந்ததைச் சுற்றியிருந்தவர்களோடு பகிர்ந்துகொண்டார். உடல் நலிந்து ஊர் திரும்பும் வழியில், 1912 டிசம்பர் 24 அன்று, ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பலிலேயே இறந்தார். 1918இல் அந்தக் காணிக்கைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இன்றும் அது ஆண்டுதோறும் திரட்டப்படுகிறது.

மூன் செய்தது பரிசை ஒழிப்பது அல்ல. பிள்ளைக்குப் பொம்மை வாங்கும் அதே மேசையில், அதே பையிலிருந்து, முகம் அறியாதவருக்கும் ஒரு பங்கை எடுத்து வைக்கச் செய்தார். வீட்டுப் பரிசும் தொண்டும் ஒரே நன்றியின் இரு கிளைகளாயின.

அசரியா கேட்ட பரிசு

கதை இங்கேயே முடிந்தால், மேற்கு கொடுத்தது, கிழக்கு பெற்றது என்ற பாதி உண்மையோடு முடிந்திருக்கும். மறுபாதியைச் சொன்னவர் ஒரு தமிழர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டி ஊழியர் அனுப்புவதைக் கண்டார். நூறாண்டுக்கு மேல் நற்செய்தியைப் பெற்றுக்கொண்டே இருக்கும் திருநெல்வேலி ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி அவரைத் தைத்தது. 1903 பிப்ரவரி 12இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. நிஜாம் ஆட்சிப் பகுதியில் தோர்ணக்கல் அதன் பணிக்களமானது. அடுத்து, 1905 டிசம்பர் 25இல், வங்காளத்தின் சேராம்பூரில் வில்லியம் கேரியின் நூலக அறையில் கூடிய இந்தியக் கிறிஸ்தவர்கள் தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவினார்கள். அசரியா அதன் பொதுச் செயலர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அதற்கு அவர்கள் தேர்ந்த நாள் கிறிஸ்துமஸ். பெற்ற பரிசுக்கு நன்றி சொல்லும் நாளில், இனி நாங்களும் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். கிறிஸ்துமஸ் பரிசின் வரலாற்றில் அந்த நாளுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்று நான் கருதுகிறேன்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1,200 பேர். அவர்களில் ஆசியர்கள் மிகச் சிலரே. அங்கே அசரியா ஆற்றிய உரை அவையைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றி மறவாது. ஆனாலும் எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்கள் வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். வெள்ளை மிஷனரி இந்திய ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பார். தன் வீட்டு மேசையில் சமமாக உட்கார வைக்கமாட்டார். பள்ளியும் மருத்துவமனையும் கொடுத்த கை, நட்பைக் கொடுக்கத் தயங்கியது.

இந்த உரையை ஈகை பற்றிய உரையாகவும் வாசிக்க வேண்டும். நன்றியை மறுக்காமலே, நட்பில்லாத கொடை குறைபட்டது என்று ஒரு பெறுபவர், கொடுத்தவர்கள் நிறைந்த அவையில் எழுந்து சொன்னார். மாஸ் எழுதுவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, கொடை எப்படி மேல் கீழ் என்று பிரிக்கும் என்பதைத் தம் அனுபவத்திலிருந்து எடுத்து வைத்தார். 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெயர் பெற்ற அவர், நிலமில்லாத ஏழைகள் நிறைந்த தம் பேராயத்தில் இடைவிடாமல் வலியுறுத்தியது கொடுப்பதைத்தான். கிறிஸ்தவ ஈகை பற்றித் தனி நூலே எழுதினார். ஏழையிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று சிலர் நினைக்கலாம். கேட்காமல் விடுவது, உன்னிடம் கொடுக்கத்தக்கது எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்வதாகும்.

பெட்டியும் பசுவும்

1990இல் ருமேனியக் குழந்தைகளுக்காக வேல்ஸ் நாட்டில் ஒரு முயற்சி தொடங்கியது. காலணிப் பெட்டிகளில் பொம்மை, பென்சில், சோப்பு போன்றவற்றை நிரப்பி அனுப்பினார்கள். 1993இல் சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயிருக்கின்றன. பெட்டியைத் திறக்கும் குழந்தையின் மகிழ்ச்சி உண்மையானது. தன் பிள்ளையோடு உட்கார்ந்து பெட்டி நிரப்பும் தாயின் அன்பும் உண்மையானது. ஆயினும் சில கேள்விகள் இருக்கின்றன. பென்சிலையும் பொம்மையையும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்கியிருந்தால் அங்குள்ள வியாபாரிக்கும் பயன் இருந்திருக்குமே? அந்நியர் கொடுத்த பெட்டிக்கு முன்னால் தன் கையால் எதுவும் கொடுக்க முடியாமல் நிற்கும் பெற்றோருக்கு அந்த நாளில் என்ன இடம்? பெட்டி பெற்ற குழந்தை எதையாவது திருப்பிக் கொடுக்க வழி உண்டா?

அமெரிக்க விவசாயி டேன் வெஸ்ட் இந்தக் கேள்விகளுக்கு முன்பே ஒரு விடை கண்டிருந்தார். சகோதரர் திருச்சபையைச் சேர்ந்த அவர் ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது நிவாரண முகாமில் பால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைகளுக்குத் தேவை ஒரு கோப்பை பால் அல்ல, ஒரு பசு என்று அங்கே அவருக்குப் பட்டது. 1944இல் முதல் தொகுதிக் கிடாரிகள் போர்ட்டோ ரீக்கோவுக்குப் போயின. ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்று இன்று அறியப்படும் அந்த அமைப்பின் விதி எளியது: பசுவைப் பெறும் குடும்பம் அது ஈனும் முதல் பெண் கன்றை வேறொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கன்றைக் கயிற்றோடு பிடித்துப் போய் அயலார் கையில் கொடுக்கும் நாளில், முன்பு பெற்றவர் கொடுத்தவராகிறார். பவுல் எழுதிய சமநிலை மாட்டுக் கொட்டிலில் நடக்கிறது.

பாரீசில் 1833இல் பிரெடரிக் ஓசனாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையும் இதே உணர்வில் பிறந்தது. தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் பலருக்கும் அறிமுகமான அந்தச் சபையின் அடிப்படை வேலை வீடு சந்திப்பு. உதவியை ஆலய வாசலில் வரிசையில் நிறுத்திக் கொடுப்பதில்லை. இரண்டு பேராக வீட்டுக்குப் போக வேண்டும், உட்கார வேண்டும், பேசக் கேட்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் காபியை வாங்கிக் குடிப்பதும் அந்தத் தொண்டில் அடங்கும். அப்போது அந்த வீட்டாரும் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுப்படியில் ஒரு பிடி

பெறுபவரும் கொடுப்பவராகும் வழி நம் சபைகளுக்குப் புதிதில்லை. தென் மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிடியரிசி என்று ஒரு பழக்கம். சோறு பொங்க அரிசி அளந்ததும், உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயம் நிரம்பியதும் ஆலயத்துக்கு வரும். விற்ற பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் போகும். அன்றைக்கு அரைப்படி அரிசிதான் வீட்டில் இருந்தாலும் ஒரு பிடி எடுக்க முடியும். சாப்பிடும் எல்லார் பங்கிலிருந்தும் சில பருக்கை குறையும், அவ்வளவுதான். கையில் காசு புழங்காத பெண்களைக் கொடையாளராக்கியது இந்தப் பிடி. மிசோரம் திருச்சபையில் 1910இல் தொடங்கிய இதே போன்ற வழக்கம் இன்றும் அந்தத் திருச்சபையின் பெரிய வருவாய்களில் ஒன்று.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலமும் அப்படித்தான். ஆராதனை முடிந்ததும் வாழைத்தார், பூசணி, சேவல், ஒரே ஒரு முட்டை என்று அவரவர் கொண்டுவந்தது ஏலத்துக்கு வரும். ஏழைக் கிழவி கொண்டுவந்த முட்டையை வசதியுள்ளவர் பல மடங்கு விலைக்கு எடுத்து மறுபடி சபைக்கே கொடுப்பார். அது மீண்டும் ஏலம் போகும். அன்று அந்த முட்டைக்குச் சொந்தக்காரி சபையில் சிறியவள் இல்லை.

இந்த மரபுகள் கையில் இருக்க, நம் கிறிஸ்துமஸ் உதவிகள் பலவும் வேறு திசையில் போய்விட்டன. ஒலிபெருக்கியில் பெயர் வாசித்து மேடைக்கு அழைத்து, சேலையை ஆளுக்கொரு முனையில் பிடித்து நின்று புகைப்படம் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் பரப்புகிறோம். வாங்கியவரின் பிள்ளைகள் பள்ளியில் அந்தப் படத்தைப் பார்க்க நேரிடும் என்று யோசிப்பதில்லை. நிக்கோலாஸ் மறைத்துக் காத்த மானத்தை நாம் விளம்பரமாக்கி அழிக்கிறோம். இது சிறிய தவறு என்று நான் நினைக்கவில்லை. நன்றியாகத் தொடங்கிய கொடையை இது புகழுக்கு விற்றுவிடுகிறது.

செய்யக்கூடியது அதிகம். வீட்டுப் பரிசுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை டிசம்பர் தொடங்கும்போதே எடுத்து வைக்கலாம். கீதபவனியில் சேரும் காணிக்கைக்குச் சபையார் முன் கணக்கு காட்டலாம். உதவியைப் பெயர் சொல்லாமல் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, சற்று நேரம் இருந்து பேசிவிட்டு வரலாம். வீட்டு வேலை செய்பவருக்கு, கடைப் பையனுக்கு, ஆலயத்தைக் கூட்டுபவருக்குக் கேக் கொடுக்கும் முன் அவர்களுடைய கூலி நியாயமானதா என்று கணக்குப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உதவி பெறும் குடும்பங்களைப் பட்டியலில் எண்ணாக வைக்காமல் பண்டிகை வேலையில் பங்காளியாக்கலாம். பந்தியில் பரிமாற அவர்களை அழைக்கலாம். யாருக்கு உண்மையில் தேவை என்று முடிவு செய்யும் குழுவில் அவர்களுக்கு இடம் தரலாம். பசி எந்த வீட்டில் இருக்கிறது என்பது பசித்தவருக்குத்தான் முதலில் தெரியும்.

பெத்லகேமில் கடவுள் தம்மையே கொடுத்தார் என்று கிறிஸ்தவம் நம்புகிறது. கொடுக்க வந்தவர் குழந்தையாக வந்தார் என்பதை அந்த நம்பிக்கையோடு சேர்த்தே எண்ண வேண்டும். குழந்தை பிறரிடம் வாங்கித்தான் வாழும். ஒரு தாயின் பாலும், ஒரு தச்சரின் காவலும், அந்நியர் கொண்டுவந்த காணிக்கையும் அவருக்குத் தேவைப்பட்டன. உலகுக்கே கொடுத்தவர் மனிதர் கையிலிருந்து பெறத் தயங்கவில்லை. அவர் பெயரால் கொடுக்கிறவர்களும் தாங்கள் உதவும் ஏழையிடமிருந்து பெறக் கற்றுக்கொள்ளட்டும். அதைக் கற்ற சபையில் கிறிஸ்துமஸ் பரிசு நன்றியாகவும் இருக்கும், தொண்டாகவும் இருக்கும்.